வீடு தேடி வந்த பள்ளி – 9: காத்திருக்கத் தெரிந்த காகிதம்

பல்லடத்துத் தறிக்குடோனுக்குள் முதன்முதலாக நுழைகிறவரை வரவேற்பது சத்தம்தான். நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டு ஓடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமானாலும் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். ஒருவரே நாலு தறி, ஆறு தறி பார்ப்பார். ஊடை தீர்ந்தால் தார் மாற்ற வேண்டும். பாவில் இழை அறுந்தால் தறியை நிறுத்திப் பிணைக்க வேண்டும். ஒரு தார் தீர்ந்து அடுத்த தார் தீரும்வரை கிடைக்கும் சில நிமிடங்களில் கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு உண்டு. காதுக்குக் கிடையாது.

அந்தச் சில நிமிடங்களில் ஒருவர் ஏதாவது படிக்க வேண்டுமென்றால் 1980-களில் கையில் இருந்தது காகிதம் ஒன்றுதான். பஞ்சுத் தூசி படிந்த ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த பாடப்புத்தகம். தறி நின்றால் மூடி வைக்கலாம், ஓடினால் விட்ட வரியிலிருந்து தொடரலாம். மதுரையிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ தபாலில் வந்த புத்தகம் அது. "கரஸ்ல படிக்கிறேனுங்க" என்று கொங்கு நாட்டில் சொல்வார்களே, அந்தக் கரஸ், அதாவது அஞ்சல்வழிப் படிப்புதான் இந்த வாரக் கதை.

சென்ற இதழில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்வுகளைப் பார்த்தோம். கல்லூரி வாசலை மிதிக்காமல் வீட்டிலிருந்தே படித்துத் தேர்வு எழுதும் பழக்கம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல என்பது அதில் தெரிந்தது. அந்தப் பழக்கத்தில் ஒன்று மட்டும் குறைந்தது. தேர்வு நடத்தியவர்கள் பாடம் அனுப்பவில்லை. படிக்கிறவரே ஓர் ஆசிரியரைத் தேடிப் பிடித்து, புத்தகம் சேர்த்து, திண்ணையில் உட்கார்ந்து படித்துக்கொள்ள வேண்டும். பாடத்தையும் அனுப்பலாம் என்ற எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது தபால் கட்டணம்.

இங்கிலாந்தில் 1840-ல் ஒரு பென்னிக்கு நாட்டின் எந்த மூலைக்கும் கடிதம் போகும் என்ற முறை வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் தமது சுருக்கெழுத்து முறையை ஒரு சிறு தாளில் அச்சிட்டு விற்றார். மாணவர்கள் பைபிள் வாசகங்களைச் சுருக்கெழுத்தில் எழுதி அவருக்கு அனுப்பினார்கள். திருத்தங்கள் தபாலில் திரும்பி வந்தன. அடுத்து, 1858-ல் லண்டன் பல்கலைக்கழகம் வெளியூர் மாணவர்களும் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி திறந்தது. நம் ஊர்த் தட்டச்சு நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் "சுருக்கெழுத்து" என்ற சொல்லைப் பார்த்தவர்கள், தபால் வழிப் பாடத்தின் முதல் வாத்தியாருக்கு ஒரு விதத்தில் பழக்கப்பட்டவர்களே.

இந்தியாவில் 1962-ல் டில்லி பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. கோத்தாரி கல்விக் குழுவும் அந்த வழியை விரிவுபடுத்தச் சொன்னது. தமிழ்நாட்டில் முதலடி எடுத்து வைத்தது மதுரைப் பல்கலைக்கழகம், 1971-ல். அந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் மு. வரதராசனார் அங்கே துணைவேந்தராகப் பொறுப்பேற்றிருந்தார். இந்தப் பொருத்தத்தை எண்ணிப் பார்க்க மனம் நெகிழ்கிறது. மு.வ. இளமையில் திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். உடல்நலம் கெட்டு வேலையை விட்டு வீடு திரும்பியவர், தாமே படித்து 1935-ல் வித்துவான் தேர்வில் மாநிலத்தில் முதலிடம் பெற்றார். பள்ளி ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 1939-ல் பி.ஓ.எல். தேறினார். வேலைக்குப் போகிறவன் படிப்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

மதுரைக்குப் பிறகு சிதம்பரத்தின் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-லும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981-லும் இதே வழிக்கு வந்தன. கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் உருவானது 1982-ல். தொலைநிலைக் கல்வி அங்கே பிற்பாடு வந்தது. ஆகவே பல்லடம் வட்டாரத்தில் "கரஸ்" என்றால் நெடுங்காலம் மதுரையும் அண்ணாமலையும்தான்.

இந்த வட்டாரத்துக்கு இது ஏன் தேவைப்பட்டது? திருப்பூர் சிக்கண்ணா அரசுக் கல்லூரி 1966-லேயே வந்துவிட்டது. பல்லடத்திலிருந்து திருப்பூர் பதினைந்து கிலோமீட்டர், கோவை நாற்பதுக்கும் உள்ளே. பஸ் வசதிக்குக் குறைவில்லை. தூரம் தடையாக இருந்ததே இல்லை. நேரம்தான் தடை. விசைத்தறி இரவும் பகலும் ஓடும். திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்குப் போனால் இரவு எட்டு, எட்டரைக்கு வீடு. அதற்கு "ஒன்றரை ஷிப்ட்" என்று பெயர். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் அதற்கு மேலும் போகும். பத்தாவது முடித்த பையன் பீஸ் ரேட்டில் கைநிறையச் சம்பாதிக்கும் ஊரில், கல்லூரிக்குப் போவது என்றால் மூன்று வருடக் கூலியை இழப்பது என்று பொருள். பெண்களுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது: கல்யாணம் நிச்சயமாகும்வரை படிக்கட்டும், ஆனால் வீட்டில் இருந்தே படிக்கட்டும் என்று சொன்ன வீடுகள் ஏராளம். அந்த வீடுகளின் பெண்கள் எத்தனையோ பேர் பி.ஏ. தமிழ், பி.காம். முடித்துப் பின்னாளில் ஆசிரியைகளாகவும் அலுவலகக் கணக்கர்களாகவும் ஆனது தபால்காரர் சைக்கிளால்தான்.

அந்தச் சைக்கிளுக்கும் ஒரு தொழில்நுட்பம் துணை நின்றது. 1972 ஆகஸ்ட் 15-ல் அஞ்சல் குறியீட்டு எண் அறிமுகமானது. பல்லடத்துக்கு 641664. ஒரே பெயரில் பத்து ஊர்களும் ஒரே இனிஷியலில் நூறு பேரும் இருக்கும் மாநிலத்தில், ஆறு இலக்கம் ஒரு புத்தகக் கட்டைச் சரியான தபால் நிலையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அச்சிட்ட புத்தகங்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்பும் புக்போஸ்ட் முறையும் கைகொடுத்தது. வானொலி, தொலைக்காட்சி, செயற்கைக்கோள் என்று இந்தத் தொடரில் பெரிய பெயர்கள் வரப்போகின்றன. அவற்றோடு சேர்த்து இந்த ஆறு இலக்கத்தையும் ஒரு கல்விச் சாதனமாக எண்ணியே ஆக வேண்டும்.

கரஸ் படிப்பு சும்மா வந்ததில்லை. கட்டணம் கட்ட வங்கியில் டி.டி. எடுக்க வேண்டும், அதற்கு அரைநாள் கூலி போகும். கோடையில் தொடர்பு வகுப்பு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றே ஓய்வு நாளாக இருப்பவர் பஸ் ஏறி வேற்றூர்க் கல்லூரி ஒன்றின் பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்து கேட்க வேண்டும். ஒரு வருடப் பாடத்தை வாத்தியார் சில மணி நேரத்தில் ஓட்டிக் காட்டுவார். சந்தேகம் கேட்க வரிசை நீளும். பலர் அந்த ஒரே வகுப்பில்தான் தம்மைப் போலவே படிக்கும் வேறொரு ஆளை முதன்முறையாகப் பார்த்தார்கள். தனியாகப் படிப்பதில் உள்ள பாரம், படித்தவர்களுக்குத்தான் தெரியும். பணம் கட்டிப் புத்தகம் வாங்கி, தேர்வு எழுதாமலே விட்டவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

வானொலி இந்தக் கதையில் வேறொரு திக்கிலிருந்து நுழைகிறது. 1960-களின் நடுவில் தஞ்சை மாவட்ட உழவர்கள் ஆடுதுறை 27 என்ற நெல்லை "ரேடியோ நெல்" என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அந்த விதையை அவ்வளவு தூரம் பரப்பியிருந்தன. கோவைக்கு வானொலி நிலையம் வந்தது 1966-ல். மாலையில் கட்டிலில் சாய்ந்து கேட்கும் உழவருக்கு வானொலி நல்ல வாத்தியார். ஆனால் அது ஒரு தடவைதான் சொல்லும். அந்நேரம் தறிக்குடோனில் நிற்கும் ஆளுக்கு அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

இதே சிக்கலைத் தொலைதூரக் கல்வியின் மிகப் பெரிய முயற்சியும் சந்தித்தது. பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-ல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் பாடம் நடத்தத் தொடங்கியது. பி.பி.சி. தொலைக்காட்சியில் பேராசிரியர்கள் விரிவுரை செய்தார்கள். வேறு நிகழ்ச்சிகள் இல்லாத விடிகாலையும் நள்ளிரவும்தான் நாளடைவில் அவர்களுக்கு வாய்த்தன. பகலெல்லாம் வேலை செய்து வந்தவர் நடுச்சாமத்தில் கணிதம் பார்க்க வேண்டும். வீடியோ டேப் வந்த பிறகே மூச்சு விட முடிந்தது; பதிவு செய்துகொண்டு வசதிப்பட்டபோது பார்க்கலாமே. அந்த ஒளிபரப்புப் பாடங்கள் 2006 டிசம்பரில் முடிவுக்கு வந்தன. அப்போதும் மாணவருக்கு அச்சுப் பாடம் தபாலில் போய்க்கொண்டுதான் இருந்தது.

இந்தியா இன்னும் பெரிதாகக் கனவு கண்டது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. கம்பிவலையால் ஆன குடை ஆன்டெனாக்கள் கூரைகளில் நின்றன. யஷ்பால் தலைமையிலான அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் இதில் முன்னின்றது. ஆந்திரமும் கர்நாடகமும் அந்த ஆறில் உண்டு, தமிழ்நாடு இல்லை. 1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு "நாடு தழுவிய வகுப்பறை" என்ற பெயரில் இன்சாட் செயற்கைக்கோள் வழியே கல்லூரிப் பாடங்களை ஒளிபரப்பியது. அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இதற்கான படங்களைத் தயாரித்தன. நல்ல படங்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பட்டப்பகலில் வந்தன. அந்த நேரத்தில் பல்லடத்தில் டி.வி. முன்னால் உட்காரக் கூடியவர் யார்?

1985-ல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. ஐதராபாத்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தை நடத்திக் காட்டிய ஜி. ராம் ரெட்டி அதன் முதல் துணைவேந்தர். அச்சுப் பாடத்தோடு ஒலிநாடாவும் ஒளிநாடாவும் சேர்ந்து வரும் முறையை இந்தியாவில் அது வழக்கமாக்கியது. பாடத்தை எழுதும் விதமும் மாறியது. வாத்தியார் பக்கத்தில் இல்லை என்பதை நினைவில் வைத்து, பத்திக்குப் பத்தி கேள்வி கேட்டு, படிக்கிறவரைப் பதில் எழுத வைக்கும் நடை வந்தது. மேலுக்குச் சிறிய மாற்றம் போலத் தெரியும் இது, என் பார்வையில் செயற்கைக்கோள்களைவிடப் பெரியது. கல்லூரிப் பேராசிரியரின் குறிப்பைச் சைக்ளோஸ்டைல் எடுத்து அனுப்புவதற்கும், தனியாக இருப்பவரிடம் பேசுவதற்கும் உள்ள வேறுபாடு அது.

கல்விக்கென்றே ஒரு செயற்கைக்கோளும் பறந்தது. எடுசாட், 2004 செப்டம்பர் 20-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து. ஊர் ஊராகக் கல்லூரிகளில் அரங்கம் அமைத்து, தொலைவில் இருக்கும் பேராசிரியரை நேரலையில் கேட்டு, கேள்வியும் கேட்கலாம். 2010-ல் அது ஓய்வு பெற்றது. அரங்கத்துக்குப் போய் உட்கார முடிந்தவருக்கு அது வரம். போக முடியாதவருக்கு அதுவும் இன்னொரு கல்லூரிதான்.

இடையில் சட்டம் குறுக்கே வந்த கதையைச் சொல்லாமல் போக முடியாது. பதினெட்டு வயது நிரம்பினால் போதும், பத்தாவது, பன்னிரண்டாவது இல்லாமலே நேரடியாகப் பட்டம் படிக்கலாம் என்று திறந்தநிலை முறையில் சில படிப்புகள் நடந்தன. சின்ன வயதிலேயே தறிக்கும் பனியன் கம்பெனிக்கும் போய்விட்டவர்களை அது கைநீட்டி அழைத்தது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வழக்கில், அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்றது. அதே ஆண்டில் தமிழக அரசும், பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசையில் படித்தால்தான் அரசு வேலைக்கு ஏற்போம் என்று ஆணை போட்டது. தரம் காக்க அது தேவைதான் என்போர் உண்டு. ஆனால் ராத்திரி ஷிப்ட் முடித்துப் படித்து, பட்டத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவருக்கு, விதி பின்னால் வந்து சேர்ந்தது. அந்த வலியை எந்தத் தரக் கணக்கிலும் கழித்துவிட முடியாது.

இனி, கைபேசிக் காலத்துக்கு வருவோம். 1999-ல் சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த ஒரு கருத்தரங்கில் விதை விழுந்து, 2003-ல் மத்திய அரசின் நிதியோடு என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் திட்டம் தொடங்கியது. அப்போதைய இயக்குநர் எம்.எஸ். அனந்த் அதற்கு உயிர்நாடி. ஐ.ஐ.டி. வகுப்புகள் அப்படியே படம்பிடிக்கப்பட்டு, பிறகு யூடியூபில் யாரும் பார்க்கும்படி வந்தன. டில்லி ஐ.ஐ.டி.யின் துணிநூல் துறைப் பேராசிரியர்கள் நெசவையும் பின்னலையும் பற்றி நடத்திய பாடங்களும் அவற்றில் உண்டு. பாவுக்கு ஏன் கஞ்சி போட வேண்டும், இழையின் இழுவிசை எப்போது அறுக்கும் என்றெல்லாம் பேராசிரியர் பலகையில் வரைந்து விளக்குகிறார். சைசிங் பட்டறைக்காரர் கையால் அறிந்த விஷயம் அங்கே சமன்பாடாக நிற்கிறது. மொழி ஆங்கிலம் என்பது இன்னும் ஒரு சுவர்தான். தமிழ் வசன வரிகள் அண்மையில்தான் வரத் தொடங்கின. ஆயினும் இந்தப் பாடத்துக்கு ஒரு குணம் உண்டு: நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நாளைக்கும் இருக்கும். ஜன்னல் திட்டில் கவிழ்த்து வைத்த புத்தகத்துக்கு இருந்த அதே குணம்.

வேலை எந்தப் புலனை விட்டுவைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தேனி மாவட்டத்தில் காமன்வெல்த் நாடுகளின் கற்றல் அமைப்பும் விடியல் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, ஆடு வளர்க்கும் பெண்களுக்குச் செல்போனில் குரல் செய்தியாகப் பாடம் அனுப்பின. ஆட்டு நோய், தீவனம், வங்கிக் கடன். மேய்ச்சல் காட்டில் நிற்கும் பெண்ணுக்குக் கண்ணும் கையும் ஆட்டின்மேல் இருந்தாலும் காது சும்மா இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பல்லடத் தறிக்காரருக்குக் காது இல்லை, கண் உண்டு. திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்ணுக்கோ கண்ணை ஊசியிலிருந்து எடுக்க முடியாது. கம்பெனியில் ஒலிக்கும் எஃப்.எம். பாட்டைக் கேட்டபடிதான் தைக்கிறார். ஒரே பாடத்தை மூவருக்கும் ஒரே வடிவில் அனுப்பினால் இருவரைத் தொடாமல் போகும்.

பாடம் வேலை இடத்துக்கே போன உதாரணமும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. 2002-ல் சட்டம் இயற்றி உருவான தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்புகளை, கே.பி.ஆர். மில் போன்ற ஆலைகளின் விடுதிப் பெண்கள் ஷிப்ட் முடிந்தபின் ஆலையிலேயே வகுப்பில் உட்கார்ந்து படித்துப் பட்டம் பெறுகிறார்கள். பன்னிரண்டாவதோடு வேலைக்கு வந்த பெண் பட்டதாரியாக ஊர் திரும்புகிறாள். அங்கே வேலை செய்தது பெரிய கருவி எதுவும் இல்லை. ஷிப்டுக்கும் உறக்கத்துக்கும் நடுவே சில மணி நேரத்தை ஒதுக்கி, ஒரு வாத்தியாரையும் நிறுத்தியது, அவ்வளவே.

பிறகு வந்தது 2020 மார்ச். பள்ளிகள் மூடின. அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2019 ஆகஸ்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி, 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாகப் பாடம் நடத்தியது. 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தால் ஏழை வீடுகளிலும் டி.வி. இருந்தது என்பது அந்த நேரத்தில் எதிர்பாராத உதவி. ஆனால் டி.வி. பாடத்துக்கு மணி உண்டு. அப்பாவும் அம்மாவும் கம்பெனிக்குப் போன வீட்டில், வாய்ப்பாடு சொல்லும் டி.வி.யை யார் போட்டு, பிள்ளையை யார் உட்கார வைப்பது? கைபேசி ஒன்றுதான், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டரைக்குத்தான் வீடு திரும்பும். ஆர்டர் மறுபடி வந்தபோது, வளர்ந்த பிள்ளைகள் படிப்பை விட்டு வேலைக்கு நழுவிவிடுவார்களோ என்று ஆசிரியர்கள் வீடு வீடாக நடந்தார்கள். 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது, தெருவிலேயே இருக்கும் ஒரு தன்னார்வலப் பெண் மாலையில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடம் சொன்னார். செயற்கைக்கோளும் டி.வி.யும் தொட முடியாத அந்த மாலை நேரத்தைத் திண்ணை தொட்டது.

அந்தத் தொற்றுக் காலத்தின் நடுவே, 2020 ஜூனில், சென்னை ஐ.ஐ.டி. இணையவழிப் பட்டப்படிப்பை அறிவித்தது. ஜே.இ.இ. தேர்வு வேண்டாம், நான்கு வாரம் பாடம் பார்த்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. பாடங்கள் பதிவாகக் கிடைக்கும், இரவு பத்து மணிக்கும் பார்க்கலாம். ஆனால் தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் வந்தாக வேண்டும். பிட்மன் காலத்தில் திருத்தம்கூடத் தபாலில் போயிற்று. இருநூறு ஆண்டை நெருங்கும் வேளையிலும் தேர்வறை மட்டும் இன்னும் பல படிப்புகளில் வீட்டுக்குள் வரவில்லை.

அதனால் தேர்வு நாட்களில் பல்லடம் பஸ் நிலையம் பழையபடிதான் இருக்கிறது. விடியுமுன் ஜெராக்ஸ் கடை ஷட்டர் பாதி உயர்ந்திருக்கும். கைபேசியில் வந்த ஹால் டிக்கெட்டைக் காகிதத்தில் எடுக்க நாலைந்து பேர் நிற்பார்கள். கோவை பஸ் ஏறுவதற்குள் கடைசியாக ஒரு தடவை புரட்ட, பி.டி.எஃப். பாடக் குறிப்பைப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து அச்செடுத்து, ஸ்பைரல் போட்டுக் கையில் வைத்திருப்பார்கள். பாடம் முழுக்கத் திரையில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்டால், குடோனுக்குள்ள போனைப் பார்க்க விடமாட்டாங்க, இதுன்னா பாவு மேல வச்சுக்கலாமுங்க என்பார்கள்.

(தொடரும்)